கேட்காமல் அழி என்றேன், அழித்தது: ஒரு பைண்ட் மவுண்டும் 118 ஜிபியும்

இரவு 11:40க்கு நான் கொடுத்த ஒரு கட்டளை, பயனர்கள் எங்களை நம்பி ஏற்றி வைத்திருந்த 118 ஜிபி ஆவணங்களை ஒரு நிமிடத்துக்குள் அழித்துவிட்டது. கட்டளை, சூடோ ஆர்எம் -ஆர்எஃப்: லினக்ஸில் ஆர்எம் அழிக்கும், -ஆர் உள்கோப்புறைகளையும் சேர்க்கும், -எஃப் கேள்வி கேட்காமல் செய்யும், சூடோ ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் அதிகாரத்தைத் தரும். நான் அழிக்க நினைத்தது ஸ்டேஜிங் என்ற பழைய சோதனைக் கோப்புறையை. அது போனது, அதோடு சேர்ந்து அதற்குள் இணைந்திருந்த உண்மையான தரவும் போனது.

இந்த மாதிரி விஷயம் நடந்தால் எல்லோரும் சொல்வது, "-எஃப் போடாதே, கேட்டுக் கேட்டு அழிக்கச் சொல்" என்பதுதான். நானும் அப்படித்தான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கணினி என்னிடம் கேள்வி கேட்காமல் இல்லை. நிறையவே கேட்டது. அந்தக் கேள்விகள்தான் என்னை -எஃப் பக்கம் கொண்டுபோய் விட்டன. அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

சர்வர் எப்படி இருந்தது

ஒரே டிஸ்க், 200 ஜிபி, இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. அதில் டேட்டா என்ற கோப்புறைக்குள் அப்லோட்ஸ் இருந்தது, பயனர்கள் ஏற்றும் பிடிஎஃப், படங்கள் எல்லாம் அங்கேதான். பக்கத்திலேயே ஸ்டேஜிங். ஆறு மாதத்துக்கு முன்னால் புதுப் பதிப்பைச் சோதிக்க, ஸ்டேஜிங்கைத் தனி ரூட் கோப்புறையாக (கோப்பு மரத்தின் உச்சியாக) வைத்து, சிஎச்ரூட் செய்து, அதாவது அதற்கு வெளியே எதுவும் தெரியாதபடி, அதற்குள் செயலியை ஓட்டினோம். சோதிக்க உண்மையான ஆவணங்கள் தேவைப்பட்டன. சிஎச்ரூட்டுக்குள்ளே இருந்து வெளியே காட்டும் சிம்லிங்க் (வேறொரு பாதையைக் காட்டும் குறுக்குவழி) வேலை செய்யாது, ஆகவே அப்லோட்ஸ் கோப்புறையை ஸ்டேஜிங்குக்குள் பைண்ட் மவுண்ட் செய்தோம்.

பைண்ட் மவுண்ட் என்றால் ஒரே அறைக்கு இரண்டாவது வாசல் திறப்பது மாதிரி. நகல் எதுவும் கிடையாது. எந்த வாசல் வழியாக நுழைந்து பொருளை எடுத்தாலும் அறையில் இருந்துதான் குறையும். சிம்லிங்காக இருந்திருந்தால் ஆர்எம் அந்த இணைப்பை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு நின்றிருக்கும், உள்ளே போயிருக்காது. பைண்ட் மவுண்ட் அதன் கண்ணுக்குச் சாதாரணக் கோப்புறை, உள்ளே இறங்கிவிடும். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. சோதனை முடிந்தது, செயலியை நிறுத்தினோம், மவுண்ட் அப்படியே நின்றுவிட்டது, எஃப்ஸ்டேபில் (சர்வர் தொடங்கும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலில்) ஒரு வரியாக. அந்த வரியை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்கு மாறியிருந்தார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

அந்த இருபது நிமிடம்

டிஸ்க் 91 சதவீதம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. டிஸ்க் முழுவதன் கணக்கைச் சொல்லும் டிஎஃப் போட்டால் 182 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது. ஸ்டேஜிங்கை அழித்துவிடலாம் என்று ஏற்கனவே பேசி வைத்திருந்தோம், ஆகவே அதை மட்டும், கோப்புறையின் அளவைச் சொல்லும் டியூ வைத்து அளந்தேன். 124 ஜிபி என்றது. அடடா, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இதுதான் என்று எனக்கு மகிழ்ச்சி.

இங்கேயே முதல் தடயம் இருந்தது, இதை இன்றைக்கும் மனசு ஆறாமல் நினைக்கிறேன். டேட்டாவையும் தனியாக ஒருமுறை அளந்திருந்தால் 118 என்று வந்திருக்கும். மற்றவை 58. மூன்றையும் கூட்டினால் 300. 200 ஜிபி டிஸ்க்கில் 300 ஜிபி எப்படி இருக்கும்? ஒரே கோப்புகள் இரண்டு வாசல் வழியாக இரண்டு முறை எண்ணப்பட்டால்தான் இருக்கும். ஸ்டேஜிங்கின் சொந்தச் சரக்கு வெறும் 6 ஜிபி. நான் ஒன்றை மட்டும் அளந்து, எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஆர்எம் -ஆர் ஸ்டேஜிங் என்று கொடுத்தேன். -எஃப் இல்லாமல், சூடோ இல்லாமல், ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். உடனே கேள்வி: எழுத்துப் பாதுகாப்புள்ள கோப்பு, நீக்கவா? பார்த்தால் கிட் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்தின் உள் கோப்புகள். கிட் தன் ஆப்ஜெக்ட் கோப்புகளை எல்லாம் படிக்க மட்டும் என்ற அனுமதியோடுதான் எழுதி வைக்கும், ஆர்எம் அப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கும். ஒய், என்டர். ஒய், என்டர். இருபது தடவைக்கு மேல் அழுத்தியிருப்பேன், பெயர்கள் எல்லாம் நாற்பது எழுத்து நீளத்தில் மனிதர் வாசிக்க முடியாத குப்பை. ஏழெட்டுக்கு அப்புறம் நான் எதையும் வாசிக்கவில்லை, கேள்விக்குறியைப் பார்த்தேன், ஒய் தட்டினேன், அவ்வளவுதான். -எஃப் போடும் பழக்கம் பலருக்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்தி, ஆர்எம் -ஆர்எஃப் என்று மாற்றிக் கொடுத்தேன். இப்போது கேள்வி இல்லை. ஆனால் திரை நிறைய 'பெர்மிஷன் டினைட்' வரிகள் ஓடின. அப்லோட்ஸ் கோப்புறைகளின் உரிமையாளர் வெப் சர்வரின் பயனர் கணக்கு, என்னுடையது இல்லை. அன்றிரவு எனக்கு வந்த உண்மையான எச்சரிக்கை அது ஒன்றுதான், ஒவ்வொரு வரியிலும் அப்லோட்ஸ் என்ற சொல்லும் இருந்தது. நான் வரியின் கடைசியை மட்டும் படித்தேன். அனுமதி இல்லையா, சரி, சூடோ போடுவோம். மேல் அம்புக்குறியை அழுத்தி, முந்தைய கட்டளையின் முன்னால் சூடோ சேர்த்து, என்டர்.

கவனித்துப் பாருங்கள், மூன்று கட்டளைகளில் ஒவ்வொன்றும் முந்தையதில் இருந்த ஒரு தடையை எடுத்துவிட்டது. முதலில் கேள்வி, அடுத்து அனுமதி. ரூட்டாக ஓடும்போது எழுத்துப் பாதுகாப்புக் கேள்வியும் வராது, ரூட்டால் எழுத முடியாத கோப்பு என்று பொதுவாக எதுவும் இல்லை என்பதால் கேட்க வேண்டிய தேவையே ஆர்எம்முக்கு எழுவதில்லை. ஆக, கடைசிக் கட்டளையில் -எஃப் இல்லாமல் இருந்திருந்தாலும் இதே கதிதான்.

முடிந்ததும் ஒரே ஒரு வரி மிஞ்சியது: ஸ்டேஜிங்/அப்லோட்ஸ் கோப்புறையை நீக்க முடியவில்லை, 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி'. மவுண்ட் ஆகியிருக்கும் கோப்புறையை நீக்கப் பார்த்தால் இப்படி வரும். உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, வெறும் கூட்டை நீக்க வந்தபோது கெர்னல் மறுத்திருக்கிறது. மவுண்ட் என்று தட்டிப் பார்த்தேன். டேட்டா/அப்லோட்ஸ் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை, அடுத்த வரியில் கர்சர் மட்டும்.

மீட்ட கதை

கூட வேலை செய்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் பாதி சொல்லும்போதே அவர் குறுக்கிட்டார்: "முதல்ல ராத்திரி பேக்கப்ப நிறுத்துங்க, மத்தத அப்புறம் பேசலாம்." என் மூளை அந்தத் திசையில் போகவே இல்லை. எங்கள் பேக்கப் தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடும் ஆர்சிங்க் (கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் கருவி), டிலீட் விருப்பத்தோடு. மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலும் அழித்துவிடும். மூலம் இப்போது காலி. படிக்கும்போது பிழை ஏதாவது வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் காலிக் கோப்புறை பிழை அல்ல. 2 மணி ஆகியிருந்தால் கடைசி நகலும் போயிருக்கும். கைவசம் இரண்டு மணி நேரம் இருந்தது.

பேக்கப்பை நிறுத்தினோம். செயலியை மூடினோம். டிஸ்க்கில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படக் கூடாது என்பதால் சர்வரை நிறுத்தி, டிஸ்க்கை வேறொரு இயந்திரத்தில் படிக்க மட்டும் இணைத்து, முழு நகல் எடுத்தோம். வாரம் ஒருமுறை ஓடும் எஃப்எஸ்ட்ரிம் அந்த நேரத்துக்குள் ஓடவில்லை. அது ஓடியிருந்தால் காலியான இடங்களை எஸ்எஸ்டிக்கே திருப்பிக் கொடுத்திருக்கும், பிறகு தேட ஒன்றும் இருந்திருக்காது.

பேக்கப்பில் இருந்து திரும்ப ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது. அது முந்தைய இரவு 2 மணி நிலவரம். அதன் பிறகு அந்த நாள் முழுக்க ஏற்றப்பட்ட 412 கோப்புகளுக்கு டேட்டாபேஸில் வரி இருக்கிறது, கோப்பு இல்லை.

இந்த 412க்காக நாங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இஎக்ஸ்டி4 ஒரு கோப்பை நீக்கும்போது, அதன் தரவு டிஸ்க்கில் எங்கெங்கே இருக்கிறது என்று ஐநோடில் (கோப்பின் விவரப் பதிவில்) எழுதியிருக்கும் குறிப்பையும் அழித்துவிடும். தரவு அங்கேயேதான் கிடக்கும், முகவரி மட்டும் போய்விடும். ஜர்னலில் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) பழைய ஐநோடின் நகல் தங்கியிருந்தால் எக்ஸ்ட்அன்டிலீட் போன்ற கருவி அதை வைத்து மீட்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் அழித்ததில் ஜர்னல் பலமுறை சுற்றி மேலெழுதப்பட்டிருந்தது. அந்த வழியில் கிடைத்தவை சொற்பம்.

அடுத்து ஃபோட்டோரெக். இது கோப்பு முறைமையைப் பார்ப்பதே இல்லை, பிடிஎஃப் எப்படித் தொடங்கும், ஜேபெக் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுக்கத் துழாவி அள்ளிக்கொண்டு வரும். வந்தது பெரிய குவியல், எதற்கும் பெயர் கிடையாது. இங்கேதான் செயலியை முதலில் எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோப்பும் ஏறும்போதே அதன் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பையும் பைட் அளவையும் டேட்டாபேஸ் வரியில் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் குவியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே மதிப்பைக் கணக்கிட்டு 412 வரிகளோடு ஒப்பிட்டோம். பொருந்தினால் இன்னார் ஏற்றிய இந்தக் கோப்பு என்று சந்தேகமே இல்லாமல் சொல்லலாம். சில பிடிஎஃப்களின் வாலில் கூடுதல் பைட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. டேட்டாபேஸ் சொன்ன அளவுக்கு வெட்டியதும் அவையும் பொருந்தின. இப்படி 289 திரும்பக் கிடைத்தன. 123 கிடைக்கவில்லை. அந்த 123 கோப்புகளை ஏற்றியவர்களுக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி, மறுபடி ஏற்றித் தரக் கேட்டோம். பெரும்பாலோர் தந்தார்கள். சிலரிடம் வேறு நகல் இல்லை.

கேள்வி ஏன் காப்பாற்றவில்லை

ஆர்எம் கேட்கும் கேள்வியில் கோப்பின் பெயர் இருக்கும். அது எத்தனை முக்கியம், வேறு யார் பயன்படுத்துகிறார்கள், எந்த வாசல் வழியாக வந்திருக்கிறோம், எதுவும் இருக்காது. சின்ன எழுத்து -ஐ ஒவ்வொன்றுக்கும் கேட்கும். சில லினக்ஸ் பதிப்புகளில் ரூட் கணக்குக்கு இதை ஏலியஸாகவே (ஆர்எம் என்று தட்டினாலே ஆர்எம் -ஐ என்று ஓடும்படி) வைத்துத் தருகிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் -ஐயும் -எஃப்பும் சேர்ந்து வந்தால் கடைசியில் வந்தது எதுவோ அதுதான் செல்லும், ஏலியஸில் உள்ள -ஐ எப்போதும் முன்னால் போய் நிற்பதால் கையால் தட்டும் -எஃப் அதை ரத்து செய்துவிடும். பெரிய எழுத்து -ஐ கொஞ்சம் பரவாயில்லை, மூன்றுக்கு மேல் கோப்புகள் என்றாலோ உள்கோப்புறைகளோடு அழிக்கச் சொன்னாலோ ஒரே ஒருமுறை கேட்கும். ஒருமுறை கேட்டால் மனிதர் வாசிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அன்று "ஸ்டேஜிங்கை அழிக்கவா?" என்று கேட்டிருந்தால் நான் கொஞ்சமும் தயங்காமல் ஆம் என்றிருப்பேன். நான் அழிக்க நினைத்தது அதைத்தானே.

வெளியில் தெரிந்த சம்பவங்களும் இப்படித்தான் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் களஞ்சியங்களை வைத்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் நகல் சர்வர் பின்தங்கியதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், நகலின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. இந்தக் கோப்புறையை அழிக்கவா என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஆம்தான், கோப்புறையின் பெயர் இரண்டு சர்வரிலும் ஒன்றே. அவருக்குத் தேவைப்பட்டது நீ நிற்கும் சர்வர் எது என்ற கேள்வி. பேக்கப்புகளும் கைவிட்டன, ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்நேர நிலையின் பதிவு) தான் காப்பாற்றியது. அவர்கள் இதை எல்லாம் ஒளிக்காமல் எழுதினார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். எங்கள் கதையை எழுதும் தைரியம் எனக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது.

ஸ்கிரிப்டுக்குள் ஆர்எம் இருந்தால் கேள்விக்கே இடமில்லை, பதில் சொல்ல ஆள் கிடையாது. 2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் கருவியின் நிறுவல் ஸ்கிரிப்டில் யுஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி தவறாக விழுந்து, நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதும் பயனர்களின் கணினிகளில் போனது. 2015இல் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாகிப்போக, அந்த மாறி, சாய்கோடு, நட்சத்திரம் என்று எழுதியிருந்த வரி வெறும் சாய்கோடும் நட்சத்திரமுமாகிவிட்டது. கோப்பு மரத்தின் உச்சியான ரூட் கோப்புறையை அழிக்கச் சொன்னால் மறுக்கும் காப்பு ஜிஎன்யு ஆர்எம்மில் 2006இலிருந்து தானாகவே உண்டு, ஆனால் நட்சத்திரத்தை ஷெல் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) விரித்துவிடுவதால் ஆர்எம்முக்குப் போவது ரூட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையின் பெயரும்தான், ரூட் அல்ல. காப்பு விழிக்காது. அந்த வரிக்கு மேலேயே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியவர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார். பாஷ் என்ற ஷெல்லில் மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து அடைப்புக்குள் எழுதினால், மாறி காலி என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இரண்டே குறிகள். எங்கள் ஸ்கிரிப்டுகளில் ஆர்எம் வரும் எல்லா வரியிலும் இப்போது அது இருக்கிறது.

எதை மாற்றினோம், எது உதவவில்லை

சோதனை இயந்திரம் ஒன்றில் அதே அமைப்பைக் கட்டி, அன்று வேறென்ன செய்திருந்தால் தப்பித்திருப்போம் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம்.

நான் பெரிதாக நம்பியது ஆர்எம்மின் ஒன்-ஃபைல்-சிஸ்டம் விருப்பத்தை. வேறு கோப்பு முறைமைக்குள் இறங்காதே என்று சொல்வது. உதவவில்லை. அது பார்ப்பது டிவைஸ் எண்ணை, எங்கள் பைண்ட் மவுண்ட் இரண்டு முனையும் ஒரே டிஸ்க்கில் இருப்பதால் எண் ஒன்றேதான், நேராக இறங்கி அழித்தது. அப்லோட்ஸ் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் மட்டும் நின்றது.

பெயரை மாற்றி வைத்து ஒரு வாரம் கழித்து அழிப்பது என்பது பலர் சொல்லும் யோசனை, எனக்கும் பிடித்ததுதான். அதையும் பார்த்தோம். பெயர் மாற்றும் எம்வி கட்டளை சத்தமே இல்லாமல் ஓடியது, உள்ளே இருந்த மவுண்ட்டும் புதுப் பெயரோடு கூடவே நகர்ந்தது, செயலியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து இதே விபத்து நடந்திருக்கும். வேறு பல தவறுகளுக்கு இந்த வழி நல்லது, இதற்கு ஆகாது.

உண்மையில் உதவியது எளிய விஷயம். அழிப்பதற்கு முன் ஃபைண்ட்மவுண்ட் ஓட்டி அந்தப் பாதைக்குக் கீழே ஏதாவது மவுண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை யாருக்கும் கொடுக்காமல் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக்கிவிட்டோம். அது முழுப் பாதையையும் சர்வரின் பெயரையும் காட்டும், கீழே மவுண்ட் இருந்தால் மறுத்துவிடும், எத்தனை கோப்பு, அவற்றின் உரிமையாளர்கள் யார் யார் என்று சொல்லும், பிறகு ஒய் கேட்காது, கோப்புறையின் பெயரை முழுசாகத் தட்டச் சொல்லும். மைக்ரோசாஃப்ட்டின் பவர்ஷெல்லில் உள்ள அழிக்கும் கட்டளையான ரிமூவ்-ஐட்டத்தில் வாட்-இஃப் என்று ஒரு விருப்பம் உண்டு, எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும். ஆர்எம்மில் அப்படி ஒன்று இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம். ஃபைண்ட் கட்டளையை முதலில் டிலீட் இல்லாமல் ஓட்டிப் பட்டியலைப் பார்க்கலாம், ஆனால் அடுத்து டிலீட்டைச் சேர்க்கும்போது வரியின் கடைசியில் சேர்க்க வேண்டும். நிபந்தனைக்கு முன்னால் வந்துவிட்டால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பேக்கப்பில் மேக்ஸ்-டிலீட் 500 என்று வைத்தோம். அதற்கு மேல் அழிக்க வேண்டி வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்தி, 25 என்ற பிழை எண்ணோடு முடியும், அந்த எண் வந்தால் எங்கள் இருவருக்கும் தொலைபேசி அடிக்கும். ஆர்சிங்கின் லிங்க்-டெஸ்ட் விருப்பம் வழியாக நாளுக்கொரு கோப்புறையாக 14 நாள் நகலும் வைக்கிறோம். மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்காகவே (அதே தரவுக்கு இன்னொரு பெயராகவே) இருப்பதால் இடம் அதிகம் போகவில்லை.

கடைசியாகப் பைண்ட் மவுண்ட். அதைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, சோதனை இயந்திரத்தில் அன்றைய அதே கட்டளையை, சூடோ ஆர்எம் -ஆர்எஃப் ஸ்டேஜிங் என்று, கை கொஞ்சம் நடுங்க ஓட்டினேன். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்ற வரி திரை முழுக்கக் கொட்டியது. ரூட்டாலும் அந்த மவுண்டுக்குள் எதையும் தொட முடியவில்லை. முடிந்ததும் டேட்டா/அப்லோட்ஸ் போய்க் கோப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.